ஓதக்கரைச் சிலந்தியும் அதன் குடிவழியும்

உலகத்துப் பொருள்களை இனம் பிரித்தறிதலே கல்வியின் தொடக்கமாகும். ஆதி மனிதன் தன்முன் கொண்டுவரப்பெற்ற உயிர்களுக்குப் பெயரிட்டான் என ஆதியாகமம் கூறும். பெயரிடுதற்கு முன், இது வேறு அது வேறு எனப் பிரித்துணர்தல் வேண்டுமன்றோ? எதனைக்கொண்டு பிரிப்பது? வாழும் இடத்தைக் கொண்டா, உடலமைப்பைக் கொண்டா, பிறப்பின் தொடர்பைக் கொண்டா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குக் களிற்றினையும் புலியினையும் விடச் சிற்றுயிர்களே நல்ல சான்றாவன. ஆதலின், கடலலை ஏறி வடியும் கரையில் வாழும் ஒரு சிறு சிலந்திப் பேரினத்தை எடுத்துக்கொண்டு, அறிஞர் அதனை வகைப்படுத்திய வரலாற்றை ஈண்டு ஆராய்வாம். தமிழ் பயில்வோர்க்கும் சிலந்திக்கும் என்னை தொடர்பு என விலங்கியல் மாணவர் நகைத்தல் கூடும். அந்நகைக்கு விடை கட்டுரையின் இடையே கிடைக்கும்.

முதற்கண் சிலந்தி இன்னதென வரையறுத்துக்கொள்வாம். பழைய நூல்களில் சிலம்பி எனவும் வழங்கும் இவ்வுயிரைப் பேச்சில் சிலந்திப்பூச்சி என்கின்றனர். அவ்வழக்குப் பொருந்தாது. பூச்சிக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று கூறுபடும். சிலந்திக்கோ தலையும் மார்பும் ஒன்றாகி, உடல் இரு கூறாகவே நிற்கும். தேளும் உண்ணியும் சிலந்திக்கு உறவினவாம். ஈயும் எறும்பும் அல்ல. பெயர்க் குழப்பம் நம்மவர்க்கே உரியதென எண்ணற்க. நீதிமொழிகள் முப்பதாம் அதிகாரத்தில், உருவிற் சிறிதாயினும் அறிவிற் சிறந்தனவாகச் சொல்லப்பெறும் நான்கனுள் இறுதியில் நிற்பது நம் பழைய மொழிபெயர்ப்பிற் சிலந்தி, பின்வந்த திருவிவிலியத்திலோ பல்லி. மூலத்திலுள்ள எபிரேயச் சொல் ஒன்றே. அரண்மனைச் சுவரில் ஊர்வது எட்டுக்காலதோ நாற்காலதோ எனத் துணிய இயலாது மொழிபெயர்ப்பாளர் இடர்ப்பட்டனர் போலும்.

இதுகாறும் பெயரிடப்பெற்ற சிலந்தி இனங்களின் தொகை 2022-ஆம் ஆண்டில் 50,000-ஐக் கடந்தது. சுவிட்சர்லாந்திலுள்ள பெர்ன் நகரத்து இயற்கைப்பொருட் காட்சிசாலையார் இக்கணக்கைப் பேணிவருகின்றனர். விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறை, சுவீடன் நாட்டு லின்னேயசு 1758-இல் வெளியிட்ட நூற்பதிப்பினின்று கணக்கிடப்படும். சிலந்திக்கு மட்டும் ஒரு விலக்குண்டு. அந்நாட்டினரேயாகிய கிளெர்க்கு என்பார் அதற்கு ஓராண்டு முன்னரே, 1757-இல், சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி நூலெழுதி அம்முறையில் பெயரிட்டமையால், அப்பெயர்கள் இன்றும் செல்லும். விலங்குலகில் முந்தை நூலுக்கு இங்ஙனம் இடந்தந்து விதியை வளைத்தது சிலந்தியின் பொருட்டே.

இனி வகைப்படுத்தும் நெறியை நோக்குவாம். மேனாம்பேட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்க. கூரையின் மூலையில் நூலிழை போன்ற நெடுங்கால்களுடன் தலைகீழாகத் தொங்கி, தீண்டியவுடன் உடல் அதிர ஆடுவது ஒன்று. வெயில் படும் சுவரில் வலையின்றித் திரிந்து, ஈயைக் கண்டவுடன் பதுங்கிப் பாய்வது மற்றொன்று. இரவில் கரப்பான் தேடிப் புறப்படுவதும், கால்களை விரித்தால் உள்ளங்கையளவு அகல்வதும், பெண்ணாயின் தட்டையான முட்டைப்பையை மார்பின்கீழ் அணைத்துத் திரிவதும் ஆகியது பிறிதொன்று. இம்மூன்றும் ஒரு கூரையின்கீழ் வாழ்வன. ஆயினும் மூன்றும் வெவ்வேறு குடும்பத்தின. வீட்டைவிட்டு அம்பத்தூர் ஏரிக்கரைக்குச் செல்லின், முட்டைப்பையை வயிற்றின் நுனியில் ஒட்டி இழுத்தும், குஞ்சு பொரித்தபின் அவற்றை முதுகிலேற்றியும் ஓடும் ஓநாய்ச் சிலந்தியைக் காணலாம். அது நான்காவது குடும்பம். ‘மேனாம்பேட்டு வீட்டுச் சிலந்தி’ என ஒரு வகுப்பு அமைத்தால், ஒட்டடை அடிப்போர்க்கு அது பயன்படலாம். எது எதற்கு உறவு என்பதை அது சிறிதும் உணர்த்தாது.

வீட்டைப் பற்றிச் சொல்லும்போது எளிதாய் விளங்கும் இவ்வுண்மை, கடற்கரையைப் பற்றிச் சொல்லும்போது அறிஞர்க்கும் எளிதாய் விளங்கவில்லை. காரணம் யாதெனின், ஏற்றவற்றத்திற்கு உட்பட்ட கரையில் வாழுஞ் சிலந்தி மிக அரிது. நாளொன்றில் பெரும்பாலும் இருமுறை உவர்நீர் மூடித் திறக்கும் பாறையிலும் பவளத்திலும், காற்றை உயிர்க்கும் ஓருயிர் குடியிருப்பதென்றால், அவ்விருப்பே அதன் தலையாய அடையாளமென எவரும் மயங்குவர். அங்ஙனம் வாழும் பேரினங்களுள் தெசிஸ் என்பது முதன்மையானது. அதன்கீழ் அடங்கிய இனங்கள் பதினைந்தின் அளவின. ஆப்பிரிக்கக் கரை தொட்டு இந்தியா, மலேயா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரையும், பசிபிக் கடலில் கலாபகசுத் தீவுகள் வரையும் அவை பரந்துள்ளன.

தெசிஸ் சிலந்தியின் உடல் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவினது. கண் எட்டு. முகத்தினின்று முன்னோக்கி நீண்ட பெருந்தாடை இரண்டு அதற்குண்டு. உடலின்மேல் அடர்ந்த நுண்மயிர் காற்றைப் பற்றிக்கொள்ளுதலின், நீர் மேனியைத் தீண்டாது. கடல் ஏறும்போது அது பாறைப் பிளவிலோ, புழு துளைத்த குழியிலோ, வெறுஞ்சிப்பியிலோ புகுந்து, நூலால் வாயிலை அடைத்து உள்ளே காற்றுடன் தங்கும். கடல் வற்றியபின், சிறப்பாக இரவில், வெளிப்போந்து ஓட்டுடைய சிறு கடலுயிர்களைப் பிடித்துண்ணும். நியூசிலாந்திலுள்ள தெசிஸ் மரினா என்னும் இனம், பெருங்கடற்பாசியின் வேர்போன்ற அடிப்பகுதியிற் கூடமைப்பது. அலை ஓயாதபோது அக்கூட்டைவிட்டு 19 நாள்வரை வெளிவாராது அடைபட்டிருத்தலும் உண்டென 1983-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறும். அத்துணை நாள் உயிர்தாங்குவது எவ்வாறெனின், அது செலவிடும் உயிர்க்காற்று மிகச் சிறிது. கூடும் அதற்கேற்ற இடமுடையது. கஞ்சன் செல்வம்போல அதன் மூச்சு நெடிது நிற்கும்.

இச்சிலந்தி நூலோர் கைப்பட்ட வரலாறு 1793-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் ஜோகன் கிறிஸ்தியான் பாப்ரீசியசு என்பார் ஓரினத்திற்குப் பெருந்தாடையது எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். தமிழன்பர் இப்பெயரைக் கேட்டவுடன், தமிழகராதி தொகுத்தும் திருமறையைத் தமிழில் பெயர்த்தும் சென்னை வேப்பேரியில் தொண்டாற்றிய மிஷனரி பாப்ரீசியசு ஐயரை நினைத்தல் இயல்பு. அவர் ஜோகன் பிலிப்பு. 1791-இலேயே மறைந்தவர். இவர் லின்னேயசின் மாணாக்கராகிய பூச்சியியலார். தரங்கம்பாடியினின்று கப்பலேறிய பூச்சிகள் பலவும் இவர் கையை அடைந்தமையால், இருவரையும் ஒருவராகக் கருதுவதற்கு இடமுண்டு. பெயரும் ஊரும் ஒத்தமை கொண்டு ஆளை ஒன்றாக்குதல் தவறென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பின்னர் 1837-இல் வால்கெனேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தெசிஸ் என்ற பேரினத்தை வகுத்தார். 1877-இல் நியூசிலாந்து இனத்தை முதன்முதல் விவரித்த ஹெக்டர் அதனை அப்பேரினத்திற் சேர்த்திலர். ஐரோப்பாவின் நன்னீர்க் குளங்களில் நீருக்கடியில் காற்றுக்குமிழ் கட்டி வாழும் ஆர்கிரோனெட்டா என்னும் நீர்ச்சிலந்தியொடு சேர்த்து, ‘கடல் ஆர்கிரோனெட்டா’ எனப் பொருள்பட மரினா என்ற அடையைக் கொடுத்தார். நீரில் வாழ்வதனால் நீர்ச்சிலந்திக்கு உறவு என்பது அவர் கருத்து. உடலமைப்பை ஒப்புநோக்கிய பின்வந்தோர் அதனைத் தெசிஸுக்கு மாற்றினர். மரினா என்னும் அடைமட்டும் இன்றும் நிற்கிறது. 1895-இல் போக்காக்கு என்னும் ஆங்கிலேயர் தெசிஸைத் தலைமையாகக் கொண்டு ஒரு தனிக் குடும்பம் அமைத்தார்.

ஈண்டு நம் தொல்காப்பியரை நினைவுகூர்தல் பொருந்தும். அகத்திணையியலில் அவர் மாவையும் மரத்தையும் புள்ளையும் கருப்பொருளாக்கி, அவ்வந் நிலத்திற்கு உரியவாக்கினார். நெய்தலுக்குச் சுறாவைச் சொல்லுதல் உரைமரபு. இது நிலத்தால் வகுத்தல். மரபியலிலோ அவர் பிறிதொரு நெறியை மேற்கொண்டார். புலனறிவின் எண்ணிக்கையால் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, நீரில் வாழும் நண்டையும் காற்றிற் பறக்கும் தும்பியையும் நான்கறிவுயிராக ஒரே வரிசையில் நிறுத்தினார். அவற்றின் நிலம் வேறு என்பது அவர்க்குத் தடையாகவில்லை. ஒரு நூலாசிரியரே இருவேறு கருத்துக்கு இருவேறு பாகுபாட்டைக் கொண்டமை கருதத்தக்கது. பாட்டிற்கு நிலம் வேண்டும். உயிரின் இயல்பை அறிதற்கு உயிரினுள்ளே நோக்கல் வேண்டும். ஹெக்டர் செய்தது திணைப் பாகுபாடு என்போம். பாட்டெழுதுவோர்க்கு அது குற்றமன்று.

உள்ளே நோக்குவதென்றால் எதனை நோக்குவது? சிலந்தி நூலோர் கண்களின் வரிசை, தாடையின் பற்கள், நூல் சுரக்கும் குமிழ்கள் ஆகியவற்றோடு, ஆணின் உணர்கை நுனியிலுள்ள கருவியையும் பெண்ணின் வயிற்றடியிலுள்ள துளையமைப்பையும் உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்ப்பர். இவ்விறுதி இரண்டும் பூட்டுந் திறவுகோலும்போல் இனந்தோறும் வேறுபடும். ஆதலின் வளர்ச்சி முற்றாத குஞ்சு ஒன்று கிடைப்பின், பெரும்பாலும் அதன் இனத்தைத் துணிதல் அரிது.

எல்லா ஒற்றுமையும் உறவுக்குச் சான்றாகா என்பதே இங்கு அறியவேண்டிய நுட்பம். தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு நூலின் ஏட்டுச்சுவடிகள் பத்து கிடைத்தனவாகக் கொள்வோம். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் முதலியோர் இங்ஙனம் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடந் தேர்ந்தனர். இரண்டு ஏடுகள் திருநெல்வேலியிற் கிடைத்தமையால் அவை ஒரே மூலப்படியின் வழிவந்தன எனல் ஆகுமா? ஆகாது. ஏடு ஊர்விட்டு ஊர் செல்லும். இரண்டிலும் சரியான பாடமே உள்ளது என்பதும் சான்றாகாது. சரியான பாடம் எல்லா ஏட்டிற்கும் பொதுவன்றோ? ஆனால் ஓரிடத்தில் ஒரே அடி இரண்டிலும் விடுபட்டு, மற்றோரிடத்தில் ஒரே விநோதமான பிழை இரண்டிலும் புகுந்திருப்பின், அவை ஒரு தாயேட்டின் மக்கள் எனத் துணியலாம். எட்டுக் காலுடைமை சரியான பாடத்தைப் போன்றது. எல்லாச் சிலந்திக்கும் பொதுவாகலின் அது ஒன்றையும் உணர்த்தாது. ஒரு கிளையில் மட்டும் புதிதாய்த் தோன்றிய மாற்றமே அக்கிளையின் உறவைக் காட்டும். ஏடு எழுதுவோன் செய்த பிழையை நாம் வெறுக்கிறோம். ஆராய்வோர்க்கோ அதுவே வழிகாட்டி.

ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இருவர் ஒரே கடினமான சொல்லை ஒரே வகையாகப் பிழைபட எழுதுதலும் உண்டு. உயிர்களிடத்தும் அவ்வாறே ஒரே வாழிடம் ஒரே வகை உடலைத் தனித்தனியே தோற்றுவிக்கக் கூடும். ஓதக்கரைச் சிலந்திகளிடம் நிகழ்ந்தது இதுவே. பாராத்தியூமா என்பது 1940-இல் பிரையன்று என்னும் அமெரிக்க அம்மையார் வகுத்த ஒரு சிறு பேரினம். பத்தளவான இனங்களை உடையது. அதுவும் ஏற்றவற்றக் கரையில் வாழ்வது. முதலில் அதனை நிலத்தில் ஓடும் சிலந்திகளின் குடும்பத்திற் சேர்த்தனர். பின்னர்த் தெசிஸின் குடும்பத்திற்கு மாற்றினர். 2017-இல் வீலர் முதலிய பலர் கூடி, 900-க்கு மேற்பட்ட சிலந்தி இனங்களின் மரபணுக் கூறுகளை ஒப்பிட்டுக் குலமரம் வரைந்தபோது, பாராத்தியூமா தெசிஸுக்கு அணியதன்று எனக் கண்டு, திக்தினிதே என்னும் வேறொரு குடும்பத்தில் அமைத்தனர். வியப்பாவது, ஹெக்டர் நினைத்த அந்த நன்னீர்ச் சிலந்தியையும் அதே குடும்பத்தில் வைத்தமையாகும். நீர்வாழ்வை உறவென்று கொண்ட அவர் கருத்து, அவர் சொன்ன சிலந்திக்குப் பொருந்தாது வேறொன்றன் பக்கலிற் போய் விழுந்தது! அதன்பின் வந்த ஆய்வுகள் அவ்விடத்தையும் மீள ஆராய்கின்றன. இவற்றின் வேறாக இதியொக்திஸ் என்னும் மூன்றாம் பேரினமும் அலைவருங் கரையில் துளையிட்டுக் கதவமைத்து வாழ்கிறது. அது தாடையை மேலுங்கீழுமாக அசைக்கும் தொன்மையான கிளையைச் சார்ந்தது; தெசிஸின் கிளையினின்று பல கோடி ஆண்டுகட்கு முன்னரே பிரிந்தது.

அங்ஙனமாயின் தெசிஸின் உண்மைச் சுற்றத்தார் யாவர்? அவரைக் கடலிற் காண்டல் அரிது. ஆஸ்திரேலிய நகரங்களில் வீட்டுச் சன்னற் சட்டத்தில் பஞ்சுபோன்ற வலைகட்டி அமர்ந்திருக்கும் பதும்னா என்னும் கருஞ்சிலந்தி தெசிஸின் குடும்பத்தது. முன்னர் வேறாகக் கருதிய மற்றொரு நிலச்சிலந்திக் குடும்பத்தையும் 2017-ஆம் ஆண்டு ஆய்வினர் இதனுட் சேர்த்துவிட்டனர். ஆகவே ‘ஓதக்கரைச் சிலந்திக் குடும்பம்’ எனப் பலராலும் வழங்கப்பெறும் இக்குடும்பத்தில் மிகப் பெரும்பாலன காட்டிலும் தோட்டத்திலும் வீட்டிலும் வாழ்வன. கடல்நீர் காணாதனவற்றையும் கடலின் பெயரால் அழைக்கின்றனர். மேனாம்பேட்டு வீட்டிற்கு எதிர்மறையான நிலைமை இது. அங்கு ஒரு கூரையின்கீழ்ப் பல குடிகள். இங்கு ஒரு குடி பல கூரையின்கீழ்.

இனி நம் நாட்டுத் தெசிஸைக் காண்போம். இலட்சத்தீவுப் பகுதியிற் கிடைத்த ஓரினத்தை 1904-இல் போக்காக்கு விவரித்து, அத்தீவுகளை ஆராய்ந்த கார்டினர் பெயரால் வழங்கினார். தமிழகத்திற்கு உரியது தெசிஸ் இனெர்மிஸ். ஆயுதமற்றது என்பது அவ்விலத்தீன் அடையின் பொருள். பெருந்தாடைக் குலத்தில் பிறந்த ஒன்றற்கு இப்பெயர் நகைசுவை பயக்கும். 1927-இல் இதற்குப் பெயரிட்டவர் பிரெடரிக் ஹென்றி கிரேவ்லி. இவர் 1920 முதல் 1940 வரை சென்னை எழும்பூர் அரசாங்கக் காட்சிசாலையின் தலைவராயிருந்தார். தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளையும் கோயிற் கட்டட வகைகளையும் பற்றி எழுதியவரும் இவரே. மன்னார் வளைகுடாவிற் பாம்பனை அடுத்துள்ள குருசடைத் தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றி அக்காட்சிசாலை 1927-இல் ஒரு பெருந்தொகுதி வெளியிட்டது. நம் சிலந்தியின் பெயர் பிறந்தது அம்முயற்சியிலேதான்.

இலட்சத்தீவினதும் நம் கரையினதும் ஒன்றற்கொன்று எத்துணை அணியன, ஆப்பிரிக்கக் கரையினத்தோடும் மலேயா இனத்தோடும் அவற்றின் உறவு யாது என்னும் வினாக்கள், பெயரிட்ட அளவில் தீர்வன அல்ல. ஆணும் பெண்ணுமாக முதிர்ந்த சிலந்திகளை அருகருகே வைத்து ஒப்பிடல் வேண்டும். மரபணுவும் வேண்டும். மூலப்படிகள் பல நாட்டுக் காட்சிசாலைகளில் சிதறிக் கிடக்குமாயின், அது சுவடிகள் சிதறியதை ஒக்கும். சுவடி அழிந்தாலும் பிரதி எஞ்சக்கூடும். கரையே அழியின் சிலந்திக்குப் பிரதி இல்லை. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிர்த் தேசியப் பூங்கா அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் பவளப்பாறைகளைச் சுண்ணாம்பின் பொருட்டு வெட்டியெடுத்த காலம் நெடிது. அவ் விருபத்தொன்றனுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் இன்று கடலுள் மூழ்கின. தெசிஸ் போன்ற உயிர்க்கு வேண்டுவது அலை மூடித் திறக்கும் அவ்வொடுங்கிய கரைவிளிம்பே. தீவு மூழ்கின் முதலில் இழப்பது அவ்விளிம்பை. மேலேறுதற்கு நிலமும் இல்லை. பவளத்தை மீள நட்டு வளர்ப்போர் மீனையும் கடலட்டையையும் கணக்கெடுப்பது போல, கல்லடிச் சிலந்தியையும் ஒருமுறை இரவு வற்றத்தில் விளக்கேந்திச் சென்று எண்ணுவராயின் நன்று. அது பூங்காவின் எல்லைக்குட்பட்டதாகலின் வனத்துறையின் இசைவின்றிச் செல்லுதல் கூடாது.

2017-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்துக் கரையிற் கண்ட புதிய தெசிஸுக்கு அறிஞர் மூவர் ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் பெயரை வைத்தனர். கடல் ஏறினும் வற்றினும் நட்பு நீங்காமை பற்றிய அவர் பாட்டொன்றே காரணமாம். நம் சிலந்திக்குத் தமிழ்ப்பெயர் யாது? கடற்சிலந்தி எனலாகாது. சிலந்தியல்லாத வேறொரு நெடுங்காற் கடலுயிர்க்கு அப்பெயர் வழங்குகிறது. இக்கட்டுரையின் தலைப்பில் யாம் இட்ட ஓதக்கரைச் சிலந்தி என்னும் பெயரும் தெசிஸ், பாராத்தியூமா, இதியொக்திஸ் மூன்றையும் ஒருங்கே சுட்டுமாதலின், பேரினப் பெயராதற்கு உதவாது. உடலுறுப்பால் பெயர்பெறுவதாயின், தெசிஸை நெடுந்தாடைச் சிலந்தி என வழங்கலாம் எனத் தோன்றுகிறது. தோட்டத்து வலைச்சிலந்திகளுள்ளும் தாடை நீண்ட குடும்பமொன்று உண்டாகலின், விலங்கியல் மாணவர் இதனை மறுத்தல் கூடும். மறுப்போர் வேறொரு பெயருடன் வருக.